டீசல் ஆஃப்-ரோடு வண்டிக்கு எந்த ப்ரீ-க்ளீனர் பொருந்தும்?

கேள்வி இதுதான்: வண்டி 3 லிட்டர் டர்போ டீசல். கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாயான ஸ்நார்கெல் ஏற்கெனவே போட்டாயிற்று. மாவு மாதிரிப் புழுதி கிளம்பும் தடங்களில் இரண்டு நாள் ஓட்டினாலே ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. ஸ்நார்கெல் தலையைக் கழற்றிவிட்டு, ஃபில்டருக்கு முன்பே புழுதியைப் பிரித்துத் தள்ளும் சுழலும் ப்ரீ-க்ளீனர் போடலாமா? போட்டால் எந்த வகை, எந்த அளவு? எஞ்சின் ஆயுள் கூடுமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ப்ரீ-க்ளீனர் காப்பாற்றுவது ஏர் ஃபில்டரை. எஞ்சினைக் காப்பாற்றும் வேலை ஃபில்டருடையது. அதோடு ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ஹோஸ், க்ளாம்ப், பெட்டியின் ரப்பர் விளிம்பு ஆகியவற்றுடையது. இந்தப் பகுதியில் ஒரு நூலளவு விரிசல் இருந்தால் வெளியே எவ்வளவு நல்ல ப்ரீ-க்ளீனர் சுழன்றாலும் பயனில்லை.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது என்று ஒரு வண்டி வந்தது. ஸ்நார்கெல் உச்சியில் விலை உயர்ந்த ப்ரீ-க்ளீனர், விரலால் தட்டினால் வெகுநேரம் சுழலும் அளவுக்கு நல்ல நிலையில். ஃபில்டரும் புதிது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடிப்பக்கம், க்ளாம்புக்குக் கீழே மறைந்து, ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்து டர்போவை நோக்கி ஹோஸின் உள்சுவரில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு, தூரிகையால் இழுத்த மாதிரி. டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தில் கத்தி முனைபோல் இருக்க வேண்டிய இறக்கை விளிம்புகள் மழுங்கி வளைந்திருந்தன. ஹெட்டைக் கழற்றினால் லைனரின், அதாவது சிலிண்டர் உள்சுவரின், மேல்பாகத்தில் ஆயிலைப் பிடித்துவைக்கும் குறுக்குக் கீறல்கள் அழிந்து கண்ணாடியாக மின்னியது. ப்ரீ-க்ளீனர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது தொட முடியாத இடத்தில் புழுதி நுழைந்துவிட்டது.

அதனால் காசு செலவழிக்கும் முன் ஒரு மணி நேர வேலை. ஃபில்டரை எடுங்கள். டர்போ பக்கம் போகும் குழாயின் உள்ளே சுத்தமான வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். லேசான ஆயில் பசை இருந்தால் கவலையில்லை. அது எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாயிலிருந்து வருவது. ஆயிலோடு நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது துணி மண் நிறமானால், கசிவு இருக்கிறது. துடைத்த இடத்தில் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, எல்லாவற்றையும் மூட்டி, ஒரு நாள் புழுதியில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கிரீஸ் தடவியபடியே பளபளப்பாக இருந்தால் உங்கள் ஃபில்டரும் சீலும் நல்ல நிலையில் உள்ளன. இந்தச் சோதனையில் தேறிய வண்டிக்குத்தான் ப்ரீ-க்ளீனர் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. இனி உங்கள் வண்டி தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ப்ரீ-க்ளீனர் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பது புரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. எல்லாச் சுழல் வகைகளும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. காற்றைச் சுழல விட்டால் கனமான துகள் ஓரத்துக்கு ஒதுங்கும். ஓரத்தில் ஒரு வழி வைத்து அதை வெளியே தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் காற்றை உள்ளே அனுப்புவது. துகள் ஒதுங்குகிற வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்பங்காகிவிடும். இதே கணக்கை நீங்கள் தடத்திலும் பார்க்கலாம். 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மணல் துகள் ஆள் உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகள் அசைவற்ற காற்றில் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. 2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வர நான்கு நிமிடம் ஆகும். 5 மைக்ரான் என்றால் கால்மணி நேரத்துக்கும் மேல். முன்னால் போன வண்டி கண்ணுக்கே தெரியாத தூரம் போன பிறகும் புழுதி திரைபோல நிற்பது இதனால்தான். காற்றில் நிற்க முடிகிற துகள் ப்ரீ-க்ளீனருக்குள்ளும் காற்றோடு சேர்ந்தே வளைந்து திரும்பி ஃபில்டருக்குப் போய்விடும்.

எஞ்சினைத் தேய்ப்பதில் பெரும்பங்கு அந்த நுண்துகளுடையது என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் கனம்தான். ஏறத்தாழ 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள் அந்த இடைவெளியில் சிக்கி இரண்டு பக்கமும் உரசும். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் மணல் எல்லாம் இந்த அளவுக்கு மேற்பட்டது. ப்ரீ-க்ளீனர் தள்ளிவிடுவது பெரும்பாலும் பெரியதை. சின்னதைப் பிடிப்பது காகித ஃபில்டர். ஆகவே ப்ரீ-க்ளீனர் போட்டுவிட்டோம் என்று மலிவான ஃபில்டருக்கு மாறுவது தலைகீழான சிக்கனம்.

அப்படியானால் அதனால் என்ன லாபம்? ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டிய தடவைகள் குறைகின்றன. இதைச் சின்ன லாபம் என்று நினைக்காதீர்கள். காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிட, மேலே கொஞ்சம் புழுதி படிந்த பிறகு இன்னும் நன்றாக வடிகட்டும்; படிந்த புழுதியே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும், தட்டும்போதும், கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதும்போதும் அந்தப் படலம் போகிறது, காகிதம் கிழிய வாய்ப்பு வருகிறது, விளிம்பில் ஒட்டியிருக்கும் புழுதி சுத்தமான பக்கம் கொட்டுகிறது. புழுதிக்காற்று அடிக்கும் தடத்தின் ஓரத்தில் போனட்டைத் திறந்து வைத்து ஃபில்டரைத் தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை நடக்கும் அந்த வேலையைப் பத்து நாளுக்கு ஒரு தடவையாக மாற்ற முடிந்தால், அந்த வகையில் ப்ரீ-க்ளீனர் எஞ்சினையும் காப்பாற்றுகிறது என்றே சொல்வேன்.

இனி அளவு. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். எஞ்சின் உச்சத்தில் எவ்வளவு காற்று இழுக்கும் என்று கணக்குப் போட்டு, 'கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்' என்று அதற்கும் மேலே ஒரு அளவை வாங்குகிறார்கள். ஃபில்டருக்கு அது நல்ல யோசனை. ப்ரீ-க்ளீனருக்கு அது கெட்ட யோசனை. சுழற்சி வேகத்தில்தான் புழுதி பிரிகிறது. காற்று மெதுவாகப் போனால் சுழற்சி பலவீனம், பிரிப்பும் பலவீனம்.

உங்கள் எஞ்சினுக்கே கணக்குப் போடுவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 3 லிட்டரை ஆர்பிஎம்மில் பாதியால் பெருக்க வேண்டும். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்து காற்றை எத்தனை மடங்கு அடர்த்தியாக்குகின்றனவோ அதையும் பெருக்க வேண்டும். 3400 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலரேட்டர், அடர்த்தி 1.8 மடங்கு என்று வைத்தால் நிமிடத்துக்கு 7.8 கன மீட்டர் வரும். ப்ரீ-க்ளீனர் பட்டியல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு இத்தனை கன அடி, அதாவது சி.எஃப்.எம். என்று போடுவார்கள், ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. ஆக உச்சம் சுமார் 275 சி.எஃப்.எம்.

புழுதித் தடத்தில் யார் 3400-இல் ஓட்டுகிறார்கள்? 1800 ஆர்பிஎம், டர்போ லேசாக ஊதி அடர்த்தி 1.3 மடங்கு என்றால் 105 சி.எஃப்.எம். 2500-இல் 1.6 மடங்கு என்றால் 180. பாறை மேல் முதல் கியரில் தவழும்போது 1500-இல் டர்போ சும்மா இருந்தால் 68. ஐடிலிங்கில் 34 அளவுக்கு இறங்கிவிடும். இஜிஆர் உள்ள எஞ்சின்களில் லேசான சுமையில் புகையின் ஒரு பங்கு திரும்ப உள்ளே போவதால் வெளிக்காற்று இதைவிடவும் குறையும்.

டிராக்டருக்கும் புல்டோசருக்கும் இந்தச் சிக்கல் குறைவு. காலையில் ஒரு ஆர்பிஎம்மில் வைத்தால் மாலை வரை ஏறத்தாழ அதே ஆர்பிஎம்மில் உழைக்கும் யந்திரங்கள் அவை. இந்தச் சாதனங்கள் பிறந்ததே அவற்றுக்காகத்தான். ஆஃப்-ரோடு வண்டியின் காற்றோட்டம் ஒரே நாளில் எட்டு மடங்கு ஏறி இறங்குகிறது. பட்டியலில் போட்டிருக்கும் '80 சதவீதம்', '90 சதவீதம்' எல்லாம் பெரும்பாலும் குறிப்பிட்ட காற்றோட்டத்தில், பருமனான சோதனைப் புழுதியில் அளந்தவை. தவழும் வண்டிக்கு அந்த எண் கிடைக்காது.

எனவே என் கணக்கு இப்படி: புழுதியில் நீங்கள் அதிகநேரம் ஓட்டும் ஆர்பிஎம்முக்கான காற்றோட்டம், சாதனத்தின் வேலை எல்லைக்குள் வசதியாக விழ வேண்டும். உச்சம் அதன் மேல் எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை. உங்கள் வண்டிக்கு 100 முதல் 250 வரை என்று குறிப்பிட்ட ஒன்று சரி. 200 முதல் 400 வரை என்று எழுதியிருப்பதை வாங்கினால், நீங்கள் புழுதியில் இருக்கும் நேரம் முழுக்க அது வெறும் மூடியாகத்தான் இருக்கும்.

உச்சத்தில் மூச்சு முட்டாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். காற்றுத் தடையை அங்குலத் தண்ணீர் அளவில், அதாவது அந்த அழுத்தம் எத்தனை அங்குல உயரத் தண்ணீருக்குச் சமம் என்று, சொல்வது இந்தத் துறையின் வழக்கம். ஓர் அங்குலம் 0.25 கிலோ பாஸ்கல். டர்போ டீசல்களுக்கு ஃபில்டர் மாற்ற வேண்டிய எல்லையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 25 அங்குலம். தடை, காற்றோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 250 சி.எஃப்.எம்.மில் 3 அங்குலம் தடை தரும் சாதனம் 275-இல் 3.6 தரும். காற்றழுத்தத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. டர்போ அதைச் சமாளித்துவிடும். அதே சாதனம் 125-இல் முக்கால் அங்குலம்தான் தரும். ஸ்நார்கெலும் புதிய ஃபில்டரும் சேர்ந்து 10 அங்குலம் என்று வைத்தால், புழுதி படிய மிச்சம் இருப்பது 15 அங்குல இடம். ப்ரீ-க்ளீனர் அதில் 3-ஐ எடுத்துக்கொள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, வரும் புழுதியில் பெரும்பகுதியைக் குறைத்துக்கொள்கிறோம். நல்ல பேரம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 80 சதவீதம் பிரித்தால் ஃபில்டருக்குப் போவது ஐந்தில் ஒன்று, ஆகவே ஃபில்டர் ஐந்து மடங்கு உழைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மிச்சம் போகும் ஐந்தில் ஒன்று முழுக்க நுண்புழுதி. அது காகிதத்தில் களிமண் பூச்சு மாதிரி இறுகிப் படியும். பருமனான புழுதியை நிறையத் தாங்கும் ஃபில்டர், நுண்புழுதியைக் குறைந்த கிராமிலேயே 'போதும்' என்று சொல்லிவிடும். உங்கள் தடத்துப் புழுதி எவ்வளவு மாவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு லாபம் குறையும். மணல்மேட்டில் ஓட்டுகிறவருக்கு நிலைமை வேறு. அங்கே மணல் துகள் பெரிது, 100 மைக்ரானுக்கு மேல். எந்தச் சுழல் சாதனமும் சுலபமாகத் தள்ளிவிடும். அவர் முழு ஆக்ஸிலரேட்டரில் மேடு ஏறுவதால் உச்சக் காற்றோட்டத்துக்கே அளவு பார்க்க வேண்டும்.

வகைகளுக்கு வருகிறேன். நிலையான சாய்தகடுகளும் கண்ணாடிக் கிண்ணமும் உள்ள பழைய டிராக்டர் வகையை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். கிண்ணத்தில் புழுதி சேர்வதைப் பார்க்கலாம், பழுதாக அதில் எதுவும் இல்லை; ஆனால் கோட்டுக்கு மேல் நிறைந்துவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். குலுங்கும் வண்டியில் கோடு வரை நிறையும் முன்னாலேயே சேர்ந்த புழுதி கிளம்பிக் காற்றோடு போய்விடும்.

உள்ளே ரோட்டார் சுழன்று பக்கவாட்டுத் துளைகள் வழியாகப் புழுதியை வீசி எறியும் வகைதான் நீங்கள் கேட்டது. காற்று போகும் விசையிலேயே ரோட்டார் சுழல்கிறது; மின்சாரம் வேண்டாம், கிண்ணம் காலி செய்யவும் வேண்டாம். மழைத்தண்ணீரையும் நன்றாகத் தள்ளும். வாங்கும்போது ரோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங் சீல் செய்ததாக இருக்க வேண்டும்; ஆடக் கூடாது, உரசல் சத்தம் வரக் கூடாது. பார்வைக்கு அசல்போல இருக்கும் நகல்களில் ரோட்டார் சமநிலை இல்லாமல் தள்ளாடும். சில மாதத்தில் பேரிங் போய் ரோட்டார் நின்றுவிடும். நின்ற ரோட்டார் புழுதியைப் பிரிக்காது, தடையை மட்டும் தரும். அது நின்றுவிட்டதை ஓட்டுகிறவர் கவனிக்கவும் மாட்டார். மேலே ஒரு தொப்பி இருக்கிறது என்ற நிம்மதியில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

சின்னச் சின்னச் சுழல்குழாய்களை வரிசையாக அடுக்கிய வகை பிரிப்பதில் இன்னும் கெட்டி. ஹெலிகாப்டர்களிலும் ராணுவ டாங்கிகளிலும் இந்தத் தத்துவம்தான். ஆனால் ஓரத்தில் ஒதுங்கும் புழுதியைத் தொடர்ந்து உறிஞ்சி எடுக்க ஒரு ஃபேனோ, சைலன்சர் புகையின் இழுப்போ வேண்டும். வருகிற காற்றில் ஒரு பங்கு அப்படியே வெளியே போகும். இடமும் குழாய் வேலையும் அதிகம். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள சைலன்சரில் கை வைப்பதை நான் விரும்புவதில்லை. மோட்டார் வைத்துச் சுழற்றும் வகை ஐடிலிங்கிலும் வேலை செய்யும். தவழும் வண்டிக்கு ஏட்டளவில் அதுதான் சிறந்தது. பருமன், கரண்ட், சத்தம், விலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வார இறுதியில் தடம் ஏறும் வண்டிக்கு அது தேவையில்லை.

கடைசியாக, ஸ்நார்கெல் தலைக்கு மாட்டும் ஃபோம் அல்லது துணி உறை. எளிய பொருள் என்பதால் பலர் ஒதுக்குகிறார்கள். மாவுப்புழுதியைப் பொறுத்தவரை சுழல் சாதனம் விட்டுவிடும் ஒரு பகுதியை இது பிடிக்கும், அதுவும் எந்த ஆர்பிஎம்மிலும். குறை என்னவென்றால் புழுதியைத் தானாக உதறாது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை கழற்றி உதற வேண்டும், மாற்று உறை கையில் இருக்க வேண்டும். சேறும் மழையும் சேர்ந்தால் அடைத்துவிடும். ஃபோம் வெயிலில் உளுத்துத் துணுக்குகளாக உதிரும். கையால் கிள்ளினால் பிய்கிறது என்றால் அன்றே தூக்கிப் போடுங்கள். ஆயில் தடவும் ஃபோமுக்கு ஆயிலை ஊற்றாதீர்கள். அதிகப்படி ஆயில் காற்றோடு போய்க் காகித ஃபில்டரை நனைத்தால் அது அங்கேயே முடிந்தது. இன்னொன்று மிக முக்கியம்: ரோட்டார் ப்ரீ-க்ளீனர் மேல் உறையை மாட்டவே கூடாது. புழுதி வெளியேறும் துளைகள் மூடிக்கொள்ளும்.

புதிதாக எதையும் வாங்கும் முன் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உருளை ஃபில்டராக, பெட்டியின் நுழைவாயில் பக்கவாட்டில் தொடுகோடாக இருந்தால், அல்லது ஃபில்டரைச் சுற்றிச் சாய்ந்த பிளாஸ்டிக் இறக்கைகள் இருந்தால், உங்கள் வண்டியில் ஒரு சுழல் பிரிப்பான் ஏற்கெனவே உண்டு. பெட்டியின் அடியில் வாத்தின் மூக்குபோல ஒரு ரப்பர் வால்வு தொங்கும். பிரிந்த புழுதி அதன் வழியாகக் கொட்டும். அதை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். உதடுகள் மென்மையாகச் சேர்ந்து மூட வேண்டும். ரப்பர் காய்ந்து விறைத்து வாய் திறந்தே இருந்தால் அது வழியாகக் கீழேயிருந்து புழுதியை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃபில்டர் இரண்டு நாளில் அடைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதை மாற்றினாலே பிரச்சினை பாதி குறைந்த வண்டிகள் உண்டு. தட்டை ஃபில்டர் வைத்த பெட்டி என்றால் இந்த முதல்கட்டப் பிரிப்பு இல்லை. வெளியே ப்ரீ-க்ளீனர் போடுவதன் பலன் அங்கே கூடுதலாகத் தெரியும்.

ஸ்நார்கெல் தலையை முன்பக்கம் பார்த்து வைத்திருக்கிறீர்களா? காற்று தானாகத் திணிந்து உள்ளே போகும் என்று நம்பித்தான் எல்லாரும் அப்படி வைக்கிறார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திணிப்பு வெறும் 2 அங்குலத் தண்ணீருக்கும் குறைவு. தடத்தில் போகும் 50-இல் அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்காக முன் வண்டி கிளப்பும் புழுதியை நேராக வாயில் வாங்கிக்கொள்கிறோம். புழுதித் தடத்தில் தலையைப் பின்பக்கம் திருப்பி வையுங்கள், செலவில்லாத வேலை. ப்ரீ-க்ளீனருக்காக முன்முகத் தலையைக் கழற்றுவதில் இழப்பு எதுவும் இல்லை என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது.

கூட்டமாகப் போகும்போது முன் வண்டியிலிருந்து விலகிப் போங்கள். மேலே சொன்ன நான்கு நிமிடக் கணக்கு நினைவிருக்கட்டும். பக்கக் காற்று இருந்தால் நூறு இருநூறு மீட்டர் இடைவெளியில் திரை விலகிவிடும். காற்றே இல்லாத பள்ளத்தில் இன்னும் நிறைய வேண்டும். புழுதிக்காற்றில் கன மீட்டருக்கு ஒரு கிராம் இருந்தால், உங்கள் எஞ்சின் 2500 ஆர்பிஎம்மில் மணிக்கு 300 கிராம் இழுக்கும். ஒரு கைப்பிடி மண்ணை ஸ்நார்கெலில் திரும்பத் திரும்பக் கொட்டுவதாக நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் வண்டிக்கு என் முடிவு: ரோட்டார் வகை, 100 முதல் 250 சி.எஃப்.எம். வரை எல்லை உள்ளது, கழுத்து அளவு ஸ்நார்கெல் குழாயோடு ஒத்தது. 3 அங்குலம், 3.5, 4 என்று வரும். அடாப்டர் போட்டுச் சுருக்கிப் பெருக்காதீர்கள். பழைய தலையையும் பின்னால் வைத்திருங்கள், அதற்கு இரண்டு உறைகளும். பெரும்பாலான நாட்களுக்கு ரோட்டார். கணுக்கால் புதையும் மாவுப்புழுதியில் பல வண்டிகள் சேர்ந்து போகும் நாளில் மட்டும் பழைய தலையும் உறையும். ஒரு க்ளாம்பைத் தளர்த்தி மாற்றுவதுதான், பத்து நிமிடம் ஆகாது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், உங்கள் புழுதியின் தன்மையைப் பார்த்து, உறையை முதலில் வாங்கச் சொல்வேன். விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

மாட்டும்போது சாதனம் நிமிர்ந்து நிற்க வேண்டும். பழைய தலையைவிட இது கனம், உயரமும் அதிகம். மரக்கிளை தட்டும், குலுக்கலில் ஸ்நார்கெலை முன்கண்ணாடியின் ஓரத் தூணோடு பிடித்திருக்கும் பிராக்கெட் விட்டுப்போகும். முதல் பயணம் முடிந்ததும் அந்த ஸ்க்ரூக்களை ஒரு முறை இறுக்குங்கள். ஆற்றைக் கடக்கும் ஆழத்தை இனி துளைகளின் கீழ்விளிம்பிலிருந்து கணக்கிட வேண்டும், உச்சியிலிருந்து அல்ல. முன் அலையும் தெறிப்பும் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும்.

ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு தடைக்காட்டி போடுங்கள். எத்தனை அங்குலம் என்று காட்டி, தொட்ட உச்சத்திலேயே நிற்கும் வகை. அது சொல்லும்போது மட்டும் பெட்டியைத் திறங்கள். போட்ட ப்ரீ-க்ளீனர் உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிய, சமையலறைத் தராசு போதும். புதிய ஃபில்டரை நிறுத்து எழுதி வையுங்கள். ப்ரீ-க்ளீனர் இல்லாமல் ஒரு பயணம் போய்வந்து மறுபடி நிறுங்கள். அடுத்து இன்னொரு புது ஃபில்டர், அதே தடம், அதே நாள் கணக்கு, ப்ரீ-க்ளீனரோடு. ஈரப்பதம் காகிதத்தின் எடையைச் சில கிராம் மாற்றும் என்பதால் நிறுக்கும் முன் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்திருங்கள். முதல் பயணத்தில் 150 கிராம் ஏறி இரண்டாவதில் 50 ஏறினால், பட்டியலில் என்ன போட்டிருந்தாலும் உங்கள் தடத்தில், உங்கள் கால் அழுத்தத்தில், அது பிரிப்பது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சாதனம் பெரிதாகிவிட்டது, அல்லது ரோட்டார் சுழலவில்லை. அப்போது வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் வைத்து, ஒருவர் 2000 வரை மெல்ல ஏற்ற, நீங்கள் ஸ்டெப்பில் ஏறி நின்று துளைகள் அருகே காது வையுங்கள். நல்ல ரோட்டார் ஆர்பிஎம்மோடு சேர்ந்து விர்ரென்று சுருதி ஏறும். எஞ்சினை அணைத்த பிறகும் சில விநாடி அந்தச் சத்தம் இறங்கிக்கொண்டே போவது கேட்கும்.